நிலநடுக்கத்துக்கு காம்போசிட் பீம் வடிவமைப்பது எப்படி? முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

காம்போசிட் பீமை (எஃகு பீமும் அதன் மேலுள்ள கான்கிரீட் ஸ்லாப்பும் ஒன்றாகச் சேர்ந்து சுமை தாங்குவது) கல்லூரியில் ஒரு பாடமாகப் படித்திருப்பீர்கள். நிலநடுக்க வடிவமைப்பை இன்னொரு பாடமாகப் படித்திருப்பீர்கள். இரண்டும் ஒரே பீமில் வந்து சேரும்போது என்ன செய்வது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. தேவையான தகவல் நாலைந்து கோடு (வடிவமைப்பு விதிமுறை) புத்தகங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒன்று சொல்வதற்கு இன்னொன்று முரணாகவும் இருக்கும். முதல் கட்டடத்தில் இதைத் தேடிச் சேர்ப்பதற்குள் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

மனதில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். சாதாரண நாளில் ஸ்லாப் பீமுக்குத் துணை. நிலநடுக்கத்தின்போது அதே ஸ்லாப், பீமை நீங்கள் கணக்குப் போட்டதைவிட பலமாக்கிவிடுகிறது. பீம் பலமானால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் முதலில் யீல்ட் ஆகி (உடையாமல் நிரந்தரமாக வளைந்து கொடுத்து), சக்தியை உறிஞ்ச வேண்டியது பீம்தான். அது யீல்ட் ஆக மறுத்தால் அந்த விசை தூணுக்கும் வெல்டிங்குக்கும் போகும். தூணோ வெல்டோ உடைந்தால் மாடியே இறங்கிவிடும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சமாளிப்பதற்காகத்தான்.

உதாரணத்துக்கு சென்னையில் சுமார் 30 மீட்டர் உயர அலுவலகக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எஃகுத் தூண்கள், 9 மீட்டர் பீம்கள், டெக் ஷீட்டின் (மடிப்புகளுள்ள எஃகுத் தகட்டின்) மேல் கான்கிரீட் ஸ்லாப்.

1. எந்தக் கோடு என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள்

மாடல் போடத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். இந்தியாவில் வேலை என்றால் குறைந்தது இவை மேஜையில் இருக்கட்டும்: நிலநடுக்க விசைக்கு ஐஎஸ் 1893 பகுதி 1, எஃகுக்கு ஐஎஸ் 800, காம்போசிட் கட்டுமானத்துக்கு ஐஎஸ் 11384, எஃகுக் கட்டடங்களின் நிலநடுக்க வடிவமைப்புக்கென்று 2023-ல் தனியாக வந்த ஐஎஸ் 18168. இதில் ஐஎஸ் 11384 முதலில் 1985-ல் வந்தது, 2022-ல்தான் திருத்தப்பட்டது. பழைய பிடிஎஃப் இன்னும் பல அலுவலகங்களில் சுற்றுகிறது. முதல் பக்கத்தில் ஆண்டைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பதிப்பு ஆண்டு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஐஎஸ் 1893-ன் 2002 திருத்தத்தில் சென்னை நிலநடுக்க வரைபடத்தின் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. ஒரே திருத்தம், மொத்தக் கணக்கும் மாறியது. ஆகவே எந்தக் கோடு, எந்த ஆண்டுப் பதிப்பு, எந்தத் திருத்தம் வரை என்று டிசைன் பேசிஸ் ரிப்போர்ட்டில் (வடிவமைப்பின் அடிப்படைகளைச் சொல்லும் அறிக்கை) எழுதி, ப்ரூஃப் செக் (வெளியாள் செய்யும் மறுசரிபார்ப்பு) செய்யப்போகிறவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். கணக்கு முடிந்தபின் "நாங்கள் வேறு பதிப்பை எதிர்பார்த்தோம்" என்ற கடிதம் வந்தால், திரும்பச் செய்யும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

காம்போசிட் பீமின் நிலநடுக்க நுணுக்கங்களுக்கு வெளிநாட்டுக் கோடு புத்தகத்தையும் பார்க்க வேண்டிவரும். ஐரோப்பாவின் நிலநடுக்கக் கோடான யூரோகோட் 8-ன் ஏழாம் பிரிவு முழுக்க இதைப் பற்றியதுதான். அமெரிக்க எஃகுக் கட்டுமான நிறுவனமான ஏஐஎஸ்சியின் 341, 358 இரண்டும் ஜாயின்டுகளுக்கு உதவும். செலவு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: இந்தியத் தரங்களை பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தளத்தில் பதிவு செய்து இலவசமாகவே இறக்கலாம். ஏஐஎஸ்சியின் இந்த இரண்டும் அவர்கள் தளத்திலேயே இலவசம். யூரோகோட் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இங்கே பலர் சிக்கும் இடம் ஒன்று உண்டு. யூரோகோட், பீமின் முனையில் ஸ்டட் (ஸ்லாப்பைப் பிணைக்க பீமின் மேல் வெல்ட் செய்யும் எஃகு முளை) வைத்து ஸ்லாப்போடு சேர்ந்தே யீல்ட் ஆக அனுமதிக்கிறது. அமெரிக்க முறையில் எஃகு ஃபிரேமின் பீம் முனையில் ஸ்டட் வைக்கவே கூடாது. இரண்டிலும் நமக்கு வசதியான வரியைப் பொறுக்கி ஒட்டினால் எந்தக் கோடின் பாதுகாப்பும் மிஞ்சாது. விசை எங்கிருந்து வந்தாலும், யீல்ட் ஆகும் பகுதியின் டீட்டெயிலுக்கு ஒரே கோடின் கீழ் நில்லுங்கள். எதன் கீழ் என்பதையும் அதே ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

2. எந்த பீம் நிலநடுக்கத்தை எடுக்கிறது?

மாடி பிளானை விரித்து, சிவப்புப் பேனாவால் நிலநடுக்க விசையை எடுக்கும் பீம்களை மட்டும் குறியுங்கள். முடிந்தவரை குறைவாகக் குறியுங்கள். செலவை மிச்சப்படுத்தும் பெரிய முடிவு இதுதான்.

எல்லா பீமையும் தூணோடு ரிஜிடாக இணைத்தால் எல்லா முனையிலும் முழு ஊடுருவல் வெல்டிங், எல்லா முனையிலும் அல்ட்ராசோனிக் டெஸ்ட், எல்லாத் தூணும் தடிமன். அதற்குப் பதிலாக லிஃப்டைச் சுற்றிய கோர் சுவரிலோ பிரேசிங்கிலோ (தூண்களுக்கு இடையே சாய்வாக வைக்கும் எஃகுத் தண்டுகள்) விசையை விட்டுவிட்டால், அல்லது கட்டடத்தின் சுற்று ஃபிரேமில் மட்டும் எடுத்தால், உள்ளே இருக்கும் காம்போசிட் பீம்கள் சாதாரண பின் ஜாயின்ட் (முனையில் சுழலக்கூடிய) பீம்களாகிவிடும். அவற்றுக்கு ஸ்லாப் முழு நன்மை. வழக்கமான காம்போசிட் கணக்கு போதும்.

அப்படி விட்ட பீம்களிலும் இரண்டு வேலை பாக்கி இருக்கும். மாடி பக்கவாட்டில் நகரும்போது அந்த ஜாயின்ட் உடையாமல் சுழல வேண்டும். அப்புறம், ஸ்லாப்பிலிருந்து விசையை பிரேசிங்குக்கோ கோருக்கோ இழுத்துக்கொண்டு போகும் பீம்கள் எவை என்று பாருங்கள். அவற்றில் அச்சுவிசையும் வரும். அதற்குத் தனியாக ஸ்டட் கணக்கு வேண்டும். மென்பொருளில் ஸ்லாப்பை ரிஜிட் டயஃப்ரமாக (தன் தளத்தில் நெளியவே நெளியாத தகடாக) வைத்திருந்தால் அந்த அச்சுவிசை பூஜ்யம் என்றே காட்டும். அதை நம்பாதீர்கள்.

3. விசைக் கணக்கு

இதில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஐஎஸ் 1893-ன் 2016 பதிப்பின்படி சென்னைக்கு மண்டலக் காரணி 0.16. 200 பேருக்கு மேல் புழங்கும் அலுவலகம் என்றால் முக்கியத்துவக் காரணி 1.2. மண் வகையை ஊகிக்காமல் மண் பரிசோதனை அறிக்கையிலிருந்து எடுங்கள். இயற்கை அதிர்வுக் காலத்துக்கு அதே பதிப்பில் மூன்று சூத்திரம் உண்டு. கான்கிரீட் ஃபிரேமுக்குக் குணகம் 0.075, கான்கிரீட்டும் எஃகும் சேர்ந்த காம்போசிட் ஃபிரேமுக்கு 0.080, வெறும் எஃகுக்கு 0.085. நம் கட்டடத்துக்கு 0.080 போட்டால் காலம் சுமார் 1.03 நொடி. 0.085 போட்டால் 1.09. காலம் கூடினால் விசை குறையும். அதனால் சிலர் 0.085-ஐப் பிடித்துக்கொள்வார்கள். பீம்கள் ஸ்லாப்போடு சேர்ந்து வேலை செய்கின்றன என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, இன்னொரு பக்கம் வெறும் எஃகுக் கட்டடம் என்று எழுதினால் ப்ரூஃப் செக்கில் கேள்வி வரும்.

ஆர் காரணியில் (கட்டடம் வளைந்து கொடுக்கும் என்று நம்பி விசையை வகுக்கும் எண்) கவனம். சாதாரண மோமென்ட் ஃபிரேமுக்கு (பீமும் தூணும் ரிஜிடாக இணைந்த ஃபிரேம்) 3, ஸ்பெஷல் மோமென்ட் ஃபிரேமுக்கு 5. மூன்று, நான்கு, ஐந்தாம் மண்டலங்களில் சாதாரண வகையை 2016 பதிப்பு அனுமதிப்பதில்லை. சென்னையில் மோமென்ட் ஃபிரேம் என்றால் ஸ்பெஷல்தான்.

"சென்னையில் காற்றுதானே பெரிசு, நிலநடுக்க டீட்டெயிலிங் எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள். சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். ஆகவே பல கட்டடங்களில் காற்று விசை முந்துவது உண்மைதான். ஆனாலும் காற்று முந்தினாலும் நிலநடுக்க டீட்டெயிலிங் செய்தே ஆக வேண்டும் என்று ஐஎஸ் 1893 வெளிப்படையாகச் சொல்கிறது. காரணமும் எளிது. ஆர் ஐந்தால் வகுத்த விசையைத்தான் காற்றோடு ஒப்பிடுகிறோம். அந்த ஐந்து என்பது பீம் யீல்ட் ஆகி வளையும் என்று நாம் கொடுத்த வாக்குறுதி.

4. மாடலில் பீமின் விறைப்பு

பல மென்பொருள்களில் "காம்போசிட் பீம்" என்ற பகுதி புவியீர்ப்புச் சுமைக்கான டிசைன் மட்டுமே செய்யும். பக்கவாட்டு விசைக்கு அதே பீமை வெறும் எஃகாக எடுத்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் "காம்போசிட்" என்று அச்சாவதைப் பார்த்து, எல்லாம் சேர்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். உங்கள் மென்பொருளில் எப்படி என்று சோதிக்க ஒரே மாடி, ஒரே பே (இரண்டு தூண்களும் நடுவே ஒரு பீமும்) ஃபிரேம் போட்டு, பக்கவாட்டில் தள்ளி, நகர்வைக் கையால் சரிபாருங்கள். அரை நாள் வேலை.

ஸ்லாப் அமுக்கத்தில் இருக்கும் முனையில் விறைப்பு அதிகம். இழுவையில் விரிசல் விட்ட முனையில் குறைவு. நிலநடுக்கத்தில் ஒரே பீமின் இரண்டு முனையும் எதிரெதிராக இருக்கும். இதற்கு யூரோகோட் 8 தரும் வழி நடைமுறைக்கு நன்றாகவே ஒத்துவருகிறது: ஸ்லாப் அமுக்கத்தில் இருக்கும்போதைய நிலைமத் திருப்புத்திறனில் 0.6 பங்கு, விரிசல் விட்ட நிலைக்கானதில் 0.4 பங்கு, இரண்டையும் கூட்டி பீம் முழுக்க ஒரே எண்ணாக வைத்துவிடலாம். எஃகுக்கும் கான்கிரீட்டுக்குமான விறைப்பு விகிதம் 7.

5. பீமின் உண்மையான வலிமை என்ன?

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

ஐஎஸ்எம்பி 500 (500 மி.மீ. ஆழமுள்ள ஐ வடிவ) பீம், இ250 எஃகு (யீல்ட் வலிமை 250 மெகாபாஸ்கல்). பிளாஸ்டிக் செக்‌ஷன் மாடுலஸ் சுமார் 2,075 கன செ.மீ. 250-ஆல் பெருக்கினால் வெறும் எஃகின் பிளாஸ்டிக் மோமென்ட் 519 கிலோநியூட்டன் மீட்டர். பெரும்பாலானவர்கள் தூணுக்கான கணக்கை இந்த எண்ணை வைத்துத்தான் போடுகிறார்கள்.

இப்போது ஸ்லாப்பைச் சேருங்கள். மொத்தத் தடிமன் 130 மி.மீ., அதில் டெக் ஷீட்டின் குழி 50, மேலே கெட்டிக் கான்கிரீட் 80. எம்25 கான்கிரீட், சிலிண்டர் வலிமை 20. தூணருகே ஸ்லாப் அமுக்கத்தில் இருக்கும்போது பயன்படும் அகலமாக, யூரோகோட் சொல்கிறபடி ஒரு பக்கத்துக்கு நீளத்தில் 0.075 பங்கு எடுத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 1,350 மி.மீ. இந்த அகலம் எடுக்கத் தூணருகே குறுக்கு பீமும் அதில் ஸ்டட்களும் வேண்டும். பாதுகாப்புக் காரணிகளைப் போடாமல் (நாம் தேடுவது பீம் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பதை) கணக்கிட்டால்:

கான்கிரீட் தரும் அமுக்கவிசை சுமார் 1,836 கிலோநியூட்டன். எஃகு முழுவதும் யீல்ட் ஆனால் 2,768. மீதி வித்தியாசத்தைச் சமன்செய்ய நடுநிலை அச்சு (அமுக்கமும் இழுவையும் பிரியும் கோடு) பீமின் மேல் ஃபிளேஞ்சுக்குள் (மேல் தகட்டுக்குள்) பத்து மில்லிமீட்டர் இறங்குகிறது. மோமென்ட் சுமார் 852.

தூணின் மறுபக்கத்தில் ஸ்லாப் இழுவையில் இருக்கும். அங்கே கான்கிரீட் விரிசல் விட்டுவிடும், ஆனால் கம்பி வேலை செய்யும். இழுவைக்கான பயனுறு அகலமான 1,800 மி.மீ.-ல் 12 மி.மீ. கம்பி 150 இடைவெளியில் என்றால் 12 கம்பி, எஃப்இ 500-ல் (யீல்ட் வலிமை 500 உள்ள கம்பி) சுமார் 680 கிலோநியூட்டன் இழுவை. அந்தப் பக்க மோமென்ட் சுமார் 704.

இரண்டையும் கூட்டினால் 1,556. வெறும் எஃகை வைத்து நாம் நினைத்திருந்தது 1,037. பாதிக்குப் பாதி கூடுதல். தூண்களின் கூட்டு வலிமை பீம்களைப்போல் 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்ற ஐஎஸ் 800 விதியைப் போட்டால், 1,245-க்கு டிசைன் செய்த தூணுக்கு உண்மையில் தேவைப்படுவது 1,867. "பலமான தூண், மெலிந்த பீம்" என்று டிராயிங்கில் எழுதியிருக்கும், கட்டடத்தில் நிற்பதோ தலைகீழ்.

இதோடும் முடியவில்லை. இ250 என்றால் யீல்ட் வலிமை குறைந்தபட்சம் 250 என்றுதான் அர்த்தம். மில் சர்ட்டிஃபிகேட்டில் (எஃகு ஆலை தரும் சோதனைச் சான்று) 300-ஐத் தொடுவது சாதாரணம். யூரோகோட் இதற்காக 1.25 என்ற காரணியைப் பரிந்துரைக்கிறது. தூணையும் ஜாயின்டையும் கணக்கிடும்போது பீமின் எதிர்பார்க்கும் வலிமையைப் போடுங்கள், குறைந்தபட்ச வலிமையைப் போடாதீர்கள்.

கூடவே ஒரு சரிபார்ப்பு. கான்கிரீட் நொறுங்கும் முன் எஃகு நன்றாக யீல்ட் ஆக வேண்டும். இதற்காக நடுநிலை அச்சின் ஆழத்துக்கு யூரோகோட் வரம்பு வைத்திருக்கிறது. நம் உதாரணத்தில் மேலிருந்து 140 மி.மீ., மொத்த ஆழம் 630, விகிதம் 0.22. மிதமான இழுமைக்கு (உடையாமல் நீளும் தன்மை) 355 எஃகில் வரம்பு 0.27, 235 எஃகில் 0.36. ஆகவே சரி. உயர் இழுமைக்கு 355 எஃகில் வரம்பு 0.20 ஆக இறங்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். எஃகின் தரம் கூடக்கூட வரம்பு இறுகும்.

6. ஸ்லாப்பைச் சேர்ப்பதா, விலக்குவதா?

மேலே வந்த 852-ம் 704-ம் உங்களுக்குக் கட்டுப்படி ஆகாவிட்டால் இரண்டாவது வழி, தூணருகே ஸ்லாப்பை எஃகிலிருந்து பிரித்துவிடுவது. யூரோகோட் இதை அனுமதிக்கிறது, ஆனால் கறாராக. தூணை மையமாக வைத்து, பயனுறு அகலத்தைப்போல் இரண்டு மடங்கு விட்டமுள்ள வட்டத்துக்குள் ஸ்லாப் எஃகின் எந்தச் செங்குத்துப் பக்கத்தையும் தொடக்கூடாது. தூண், ஸ்டட், இணைப்புத் தகடு, ஃபிளேஞ்சில் ஆணியடித்த டெக் ஷீட் எல்லாம் இதில் அடக்கம். நம் பீமுக்கு 1.8 மீட்டர் அகலம் என்றால் வட்டத்தின் விட்டம் 3.6 மீட்டர்! தூணைச் சுற்றி ஒரு இன்ச் தெர்மோகோல் வைத்துவிட்டு "பிரித்துவிட்டோம்" என்று எழுதும் டிராயிங்குகள் இந்த விதியைத் தொடுவதே இல்லை.

என் கருத்தைக் கேட்டால், சுற்று ஃபிரேமில் மட்டும் விசையை எடுக்கும் கட்டடத்தில் ஸ்லாப்பைக் கணக்கில் சேர்த்து, தூணைப் பெரிதாக்கிவிடுவதே நல்லது. பெரிய தூணை யாரும் சைட்டில் மாற்றிவிட முடியாது. இடைவெளியை கான்கிரீட் போடுகிறவர் நிரப்பிவிட முடியும்.

சேர்ப்பது என்று முடிவெடுத்தால் ஸ்லாப் கம்பியைக் கவனியுங்கள். டெக் ஸ்லாப்பில் வழக்கமாகப் போடும் வெல்டட் மெஷ் அதிகம் நீளாமல் அறுந்துவிடும். யீல்ட் ஆகும் பகுதியில் மெஷ் இருந்தால் அதன் வேலையைத் தனியாகச் செய்யும் அளவுக்கு எஃப்இ 500டி போன்ற இழுமையுள்ள கம்பியும் போட வேண்டும். ஆனால் அறுவதற்கு முன் மெஷ்ஷும் வலிமை சேர்க்கும். அதனால் தூணுக்கான கணக்கில் இரண்டையும் கூட்ட வேண்டும். ஓரத் தூண்களில் கம்பி பிடிமானமில்லாமல் ஸ்லாப் விளிம்பில் முடிந்துவிடும். அங்கே தூணைச் சுற்றி யு வடிவக் கம்பி கொடுங்கள்.

7. ஸ்டட்

யூரோகோட் முறையில் யீல்ட் ஆகும் பகுதியின் ஸ்டட் வலிமையை 0.75-ஆல் பெருக்க வேண்டும். திரும்பத் திரும்ப இரு பக்கமும் இழுபடும்போது ஸ்டட் களைத்துவிடும் என்பதுதான் காரணம். ஏஐஎஸ்சி 341-ம் இதே 25 சதவீதத்தைக் குறைக்கச் சொல்கிறது. 19 மி.மீ. ஸ்டட் ஒன்று நம் கான்கிரீட்டில் சுமார் 65 கிலோநியூட்டன் தாங்கும் என்றால் இனி 49-தான். ஸ்டட் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு கூடும். டெக் ஷீட்டின் குழி பீமுக்குக் குறுக்காக ஓடினால் இன்னும் ஒரு குறைப்பு உண்டு. அதற்கு டெக் தயாரிப்பாளரிடமிருந்து குழியின் அளவுகளையும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். கேட்டலாக் படம் போதாது.

பகுதி இணைப்பு (முழு விசைக்குத் தேவையானதைவிடக் குறைவாக ஸ்டட் வைப்பது) செய்வதானாலும் இணைப்பு அளவு 0.8-க்குக் கீழே போகக்கூடாது. புவியீர்ப்புச் சுமைக்கு 0.5-ல் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். ஸ்லாப் இழுவையில் இருக்கும் பகுதியிலும் கம்பியின் முழு இழுவைக்கு ஸ்டட் வேண்டும்.

8. ஜாயின்டும் கீழ் ஃபிளேஞ்சும்

ஸ்லாப் சேர்ந்ததும் நடுநிலை அச்சு மேலே ஏறிவிடுகிறது. நீட்சி எல்லாம் கீழ் ஃபிளேஞ்சில் குவிகிறது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு எஃகுக் கட்டடங்களைத் திறந்து பார்த்தபோது, விரிசல்கள் பெரும்பாலும் கீழ் ஃபிளேஞ்ச் வெல்டில்தான் இருந்தன. ஸ்லாப் அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், வெல்டிங்குக்குக் கீழே வைத்த பேக்கிங் பட்டையை அப்படியே விட்டுவிட்டது. அது ஒரு விரிசலைப்போலவே வேலை செய்யும். ஆகவே கீழ் ஃபிளேஞ்சில் பட்டையை அகற்றி, வேரைச் சுரண்டி, மறுபடி வெல்ட் செய்யச் சொல்லுங்கள். இதை டிராயிங்கின் பொதுக் குறிப்பில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள். ஜாயின்ட் படத்திலேயே அம்புக்குறி போட்டு எழுதுங்கள்.

ஸ்பெஷல் ஃபிரேமின் ஜாயின்ட் 0.04 ரேடியன் சுழற்சியைத் தாங்க வேண்டும். இதைக் கையால் கணக்கிட்டு நிரூபிக்க முடியாது, சோதனைச் சான்று வேண்டும். சொந்தமாகச் சோதனை செய்ய நேரமும் பணமும் அதிகம் ஆகும் என்பதால், ஏஐஎஸ்சி 358-ல் ஏற்கெனவே தகுதிபெற்ற ஜாயின்டுகளில் ஒன்றை எடுப்பதே புத்திசாலித்தனம். அதில் பீம் ஆழம், ஃபிளேஞ்ச் தடிமன், நீள விகிதம் எல்லாவற்றுக்கும் வரம்பு இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு அட்டவணையில் டிக் செய்து கணக்கோடு இணையுங்கள். அமெரிக்க ஜாயின்டை எடுத்தால் முனையில் ஸ்டட் கிடையாது என்ற அவர்கள் விதியும் கூடவே வருகிறது. அப்போதும் ஸ்லாப் தூணின் முகத்தில் முட்டுவதால் வரும் கூடுதல் மோமென்ட் முழுதாகப் போய்விடாது.

மேல் ஃபிளேஞ்சை ஸ்லாப் பிடித்துக்கொள்ளும். கீழ் ஃபிளேஞ்சைப் பிடிக்க யாரும் இல்லை. முனையில் அது அமுக்கத்துக்கு வரும்போது பக்கவாட்டில் நெளியும். கோடு கேட்கும் இடத்தில் பக்கத்து பீமிலிருந்து கோண இரும்பால் பிடித்துவிடுங்கள்.

9. எஃகு வாங்கும் முன்

மில்லிலிருந்து எஃகு வர மாதங்கள் ஆகும் என்று சொல்லி, டிசைன் முடியும் முன்பே செக்‌ஷன்களை ஆர்டர் செய்ய உரிமையாளர் அவசரப்படுவார். பீமை முன்கூட்டி ஆர்டர் செய்யலாம். ஐந்தாம் படியை முடிக்காமல் தூணை ஆர்டர் செய்ய விடாதீர்கள்.

சந்தையில் இ250 கிடைக்கவில்லை, இ350 போட்டுக்கொள்ளலாமா என்று ஃபேப்ரிகேட்டர் கேட்பார். விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது, "பலமானதுதானே சார்" என்பார். நிலநடுக்க பீமில் இதற்கு ஒப்புக்கொண்டால் தூண், ஜாயின்ட், ஸ்டட் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும். "யீல்ட் ஆகும் பீம்களில் உயர்ந்த தரம் மாற்றாக ஏற்கப்படாது" என்று பில் ஆஃப் குவான்டிட்டியிலேயே (டெண்டரின் அளவுப் பட்டியல்) ஒரு வரி போடுங்கள். ஒவ்வொரு ஹீட் எண்ணுக்கும் (ஒரே உருக்கலில் வந்த எஃகின் அடையாள எண்) மில் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி, உண்மையான யீல்டைக் கணக்கில் எடுத்ததோடு ஒப்பிடுங்கள்.

10. சைட்டில் பார்க்க வேண்டியவை

பீமின் மேல் ஃபிளேஞ்சில், ஸ்டட் வரும் கோட்டில் பெயிண்ட் இருக்கக்கூடாது. ஃபேப்ரிகேஷன் டிராயிங்கில் இதைத் தனியாகக் காட்டாவிட்டால் பீம் முழுக்கப் பெயிண்டோடு வந்து இறங்கும். பிறகு மேலே ஏறி கிரைண்டரில் தேய்ப்பதற்குக் கூலி யார் தருவது என்று சண்டை வரும்.

19 மி.மீ. ஸ்டட்டுக்கு ஆயிரம் ஆம்பியருக்கு மேல் மின்சாரம் வேண்டும். சைட் ஜெனரேட்டரில் கிரேனும் வெல்டிங் செட்டும் சேர்ந்து ஓடினால் ஸ்டட் சரியாக ஒட்டாது. தனி ஜெனரேட்டரை டெண்டரிலேயே கேளுங்கள். டெக் ஷீட் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஸ்டட் அடிக்கக்கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் டெக் குழியில் தண்ணீர் நிற்கும். ஈரத்தோடு அடித்த ஸ்டட் கழுத்தில் நுண்துளைகளோடு நிற்கும். வெல்ட் செய்யும்போது ஸ்டட்டின் காலடியைச் சுற்றி வைக்கும் பீங்கான் வளையங்களையும் ஈரம்படாமல் வையுங்கள்.

ஸ்டட் சோதனைக்குச் சுத்தியல் போதும். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் முதல் இரண்டு ஸ்டட்டை அடித்து 30 டிகிரி வரை வளையுங்கள். வெல்ட் விரிசல் விடக்கூடாது. அப்புறம் எல்லா ஸ்டட்டின் காலடியையும் சுற்றிப் பாருங்கள். உருகிய உலோகம் வளையம்போல் முழுதாகச் சுற்றி வந்திருக்க வேண்டும். எங்காவது விட்டுப்போயிருந்தால், விட்ட பக்கத்துக்கு எதிர்த் திசையில் 15 டிகிரி வளைத்துப் பாருங்கள். தாங்கினால் வளைந்தபடியே விட்டுவிடலாம். நிமிர்த்தச் சொல்லாதீர்கள்.

பீமின் முனையில் யீல்ட் ஆகும் பகுதியை எரெக்‌ஷனுக்கு முன்பே ஒரு நிறத்தில் பெயிண்ட் அடித்து அடையாளம் வையுங்கள். அங்கே எதையும் வெல்ட் செய்யக்கூடாது, துளையிடக்கூடாது, ஆணி சுடக்கூடாது. ஃபால்ஸ் சீலிங், ஏசி டக்ட், ஸ்பிரிங்க்ளர் குழாய், கேபிள் டிரே போடுகிறவர்கள் எல்லாரும் தொங்கவிட முதலில் தேடும் இடம் தூணுக்குப் பக்கம்தான். நம் டிராயிங்கை அவர்கள் பார்ப்பதே இல்லை. அவர்கள் ஒர்க் ஆர்டரில் இந்தத் தடையை எழுதச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் நாளில் ஃபோர்மேனைக் கூப்பிட்டு அந்த நிறத்தைக் கையால் காட்டுங்கள்.

11. நேரமும் செலவும்

டிசைன் பேசிஸ் ரிப்போர்ட்டுக்கு ஒப்புதல் வாங்க இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். ஐந்தாம், ஆறாம் படிகள் ஒன்றையொன்று இழுக்கும். தூண் பெரிதானால் விறைப்பு மாறும், விசை மாறும், மறுபடி பார்க்க வேண்டும். இந்தச் சுற்றுக்கு ஒரு மாதம் வைப்பது நியாயம். ப்ரூஃப் செக் கேள்விகளுக்கு இன்னொரு மாதம். உயரக் கட்டடம் என்றால் யார் சரிபார்க்க வேண்டும் என்று திட்ட அனுமதி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

செலவில் மறந்துபோகிறவை: வெல்டிங் முறைச் சோதனை, மூன்றாம் தரப்பு ஆய்வாளர், முழு ஊடுருவல் வெல்டுகளின் அல்ட்ராசோனிக் டெஸ்ட், தனி ஜெனரேட்டர். இவற்றை எஃகின் டன் விலைக்குள் அடக்கிக் கேட்டால் கான்ட்ராக்டர் குறைத்துத்தான் செய்வார். ஒவ்வொன்றையும் தனி ஐட்டமாகப் போடுங்கள்.

12. ஒப்படைக்கும் ஃபைல்

டிசைன் பேசிஸ் ரிப்போர்ட், மண் அறிக்கை, கணக்கு, ஜாயின்ட் தகுதி அட்டவணை, டெக் டெஸ்ட் ரிப்போர்ட், மில் சர்ட்டிஃபிகேட்டுகள், வெல்டிங் முறை ஆவணங்கள், ஸ்டட் வளைப்புப் பதிவேடு, அல்ட்ராசோனிக் ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். மாடிவாரியாகத் தொடக்கூடாத பகுதிகளைக் காட்டும் டிராயிங் ஒன்றைத் தனியாக அச்சிட்டு, கட்டடப் பராமரிப்பு அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். வாடகைக்கு வருகிறவர்கள் இன்டீரியர் வேலை தொடங்கும் முன் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்க உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள்.